மாடப்பிறை விளக்கு

பொங்கலுக்கு இரண்டு நாட்களே இருந்தன. இரவு பதினொரு மணிக்குச் சாளரக் கதவைத் திறந்து பார்த்தேன். எதிர்வீடும் தெரியவில்லை, வாயிலில் நிற்கும் வேப்பமரமும் தெரியவில்லை. தெருவிளக்கு இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு கறை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. டில்லிப் பனி எங்கள் தெருவை முழுவதுமாக விழுங்கியிருந்தது.

என் மகள் போபாலில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிச் சிறு மகனையும் அழைத்துக்கொண்டு அன்று பிற்பகல் வண்டி ஏறியிருந்தாள். இரவு பத்து மணிக்கெல்லாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் வண்டி மதுரா அருகே நின்றுவிட்டது. இக்காலத்தில் வண்டி நிற்கும் இடத்தைக் கைப்பேசியிலேயே காணலாம் அல்லவா? தண்டவாளத்தைக் குறிக்கும் கோட்டின்மேல் ஒரு நீலப் புள்ளி. அதுதான் என் மகள், அதுதான் என் பேரன். அந்தப் புள்ளி ஒரு மணி நேரமாக அசையவில்லை.

"அப்பா, நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. இவன் தூங்கிவிட்டான்" என்று அவள் ஒருமுறை பேசினாள். பிறகு கைப்பேசியில் மின்சாரம் குறைந்துவிட்டது போலும், தொடர்பு கிடைக்கவில்லை. மனைவி பக்கத்து அறையில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு உறங்கிவிட்டாள். நான் மட்டும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்திருந்தேன். தெருவில் சௌக்கிதார் தடியைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் ஓசை கேட்டது. ஆளைக் காண முடியவில்லை. தட்டும் ஓசை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சென்று திரும்பியது. 'இருக்கிறான்' என்று மனம் சொல்லிக்கொண்டது.

வட நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பனியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. நம் ஊர் மார்கழிப் பனி புல்நுனியில் முத்தாக நின்று வெயில் ஏறியதும் மறைந்துவிடும். கங்கைச் சமவெளிப் பனியோ வேறு. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. கோதுமை வயல்களுக்குப் பாய்ச்சிய நீரின் ஈரம் காற்றில் நிறைந்திருக்கிறது. காற்றும் அசைவதில்லை. அந்த ஈரம் புகையிலும் தூசியிலும் ஒட்டிக்கொண்டு நுண்துளிகளாகிறது. அத்துளிகளில் ஒன்றைத் தனியே எடுத்தால் கண்ணுக்கே புலப்படாது. புலப்படாத அவையே சேர்ந்து நின்று, புலப்படும் உலகம் முழுவதையும் நம்மிடமிருந்து மறைத்துவிடுகின்றன.

அந்த நீலப் புள்ளியைப் பார்க்கப் பார்க்க, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் யாரிடமும் முழுமையாகச் சொல்லாத ஓர் இரவு நினைவுக்கு வந்தது. அதுவும் ஜனவரி மாதம். அதுவும் ஏறத்தாழ அதே இடம்.

நான் டில்லிக்கு வந்தது 1974-ஆம் ஆண்டு. மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தர் உத்தியோகம். கரோல்பாக்கில் மொட்டைமாடி அறையொன்றில் இரண்டு நண்பர்களுடன் குடியிருந்தேன். திருவையாற்றுக்கு அருகே காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் என் தாயார் இருந்தார். தந்தையார் நான் பள்ளியில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். தம்பி சிறு பண்ணை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துவந்தான்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டில்லி எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் முதலில் தெரியாது. தபால்காரரைக் கேட்டு வடக்கு என்று தெரிந்துகொண்டார். மாதந்தோறும் நான் நூறு ரூபாய் மணியார்டர் அனுப்புவேன். அதன் அடியில் கூப்பன் என்று ஒரு துண்டு இருக்கும். அதில் நான்கைந்து வரி எழுதலாம். பணத்தைக் கொடுத்துவிட்டுத் தபால்காரர் அந்த வரிகளைப் படித்துக்காட்டுவார். அம்மா இரண்டாம் முறையும் படிக்கச் சொல்வாராம். பிறகு கூப்பனை வாங்கிக் கூடத்துத் தூணில் தொங்கிய கடிதக் கம்பியில் குத்தி வைப்பார்.

எங்கள் வீட்டு வாயிற்சுவரில் ஒரு மாடப்பிறை உண்டு. நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாள் முதல் அந்தப் பிறையில் அம்மா ஒவ்வொரு மாலையும் அகல் ஏற்றிவந்தார். நான் ஒருமுறை விடுமுறையில் சென்றபோது, "ஏனம்மா, வீட்டுக்குள் சாமி விளக்கு எரிகிறதே, இதற்கு வேறு எண்ணெயா?" என்று கேட்டேன். "அது சாமிக்கு, தம்பி. இது உனக்கு" என்றார். "இங்கே ஏற்றினால் எனக்கு டில்லியில் தெரியுமா?" என்று சிரித்தேன். அவர் கோபிக்கவில்லை. "உனக்குத் தெரியவேண்டாம். நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்" என்றார். படித்த கர்வத்தில் அந்த விடையை நான் அன்று ஒரு பேதைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

1981 டிசம்பர் மாதக் கூப்பனில், 'பொங்கலுக்கு அவசியம் வருகிறேன்' என்று எழுதினேன். எழுதும்போது உண்மையாகவே எழுதினேன். ஆனால் ஜனவரி பிறந்ததும் அலுவலகத்தில் வேலை மிகுந்தது. பிப்ரவரி இறுதியில் வரவு செலவுத் திட்டம். அதற்கான கணக்குகளைத் தயாரிக்கும் காலம் அது. விடுப்பு மறுக்கப்பட்டது என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், நான் கேட்கவில்லை. பதவி உயர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அந்நேரத்தில் மேசையை விட்டு அகலாதவன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டேன். 'மாசியில் வருகிறேன்' என்று அடுத்த கூப்பனில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் தந்தி வந்தது. அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படுக என்று செய்தி. 2013 ஜூலையோடு இந்நாட்டில் தந்திச் சேவை நின்றுவிட்டது. அந்தப் பழுப்புத்தாளைக் கண்டதும் அடிவயிறு கலங்கும் அனுபவம் இன்றைய இளைஞர்களுக்கு இல்லை. அது நல்லதே. கையில் கிடைத்த பணத்தோடு அன்றிரவே சென்னை செல்லும் வண்டியில் ஏறினேன்.

ஆக்ரா வருமுன்பே பனி வண்டியைப் பிடித்துக்கொண்டது. சிறிது தூரம் ஊர்வதும் நெடுநேரம் நிற்பதுமாக இரவு நகர்ந்தது. கதவருகே நின்று இருளைப் பார்த்தவாறு நான் வேண்டினேன். 'முருகா, வேறொன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்' என்று திரும்பத் திரும்ப வேண்டினேன். அப்போது சக்கரத்தின் அடியில் 'படார், படார்' என்று இரண்டு வெடிகள் வெடித்தன. நான் துணுக்குற்றேன். வண்டி வேகம் குறைந்து, ஒரு சிறு நிலையத்தில் போய் நின்றது.

பிளாட்பாரத்தில் ஒரு தேநீர்க் கடை. அங்கீட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்றவர்களில் தலையோடு கம்பளி சுற்றிய வயோதிகத் தொழிலாளி ஒருவர் இருந்தார். வெடியைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் அவரிடம் விசாரித்தேன். அதுதான் தம் வேலை என்றார். பனி மூடிய இரவுகளில் ஓட்டுநருக்குக் கைகாட்டி தெரியாது. ஆகவே கைகாட்டிக்கு 270 மீட்டர் முன்பாகத் தண்டவாளத்தின்மேல், பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வெடிகளைப் பொருத்தி வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். 'கைகாட்டி அருகில் வந்துவிட்டது, கவனம்' என்பது அதன் பொருள். ஒரு வண்டி போனதும் அடுத்த வண்டிக்காக மீண்டும் இரண்டு வெடிகளை வைக்கவேண்டும். விடியும் வரை இதே வேலை. அவருடைய முறை அப்போதுதான் முடிந்து, வேறொருவர் அங்கே சென்றிருந்தார்.

"ஓட்டுநர் உங்களைப் பார்ப்பாரா?" என்று கேட்டேன்.

"இந்தப் பனியில் எப்படிப் பார்ப்பார், பாபுஜி? நானும் அவரைப் பார்ப்பதில்லை. வெடி வைத்திருப்பேன் என்று நம்பி அவர் வருகிறார். நான் வைத்துவிட்டு நிற்கிறேன். இதில் என்ன இருக்கிறது?" என்று சொல்லி, கைகளை நெருப்பில் காட்டிக்கொண்டார்.

என் அவசரத்தில் அந்தச் சொல் அன்று என் உள்ளத்தில் இறங்கவில்லை. வண்டி பதினொரு மணி நேரம் தாமதமாகச் சென்னை சேர்ந்தது. எழும்பூரிலிருந்து செல்லும் இரவு வண்டி அதற்குள் போய்விட்டது. பேருந்து மாறிப் பேருந்து ஏறி மறுநாள் நண்பகலில் ஊர் சேர்ந்தேன். அன்று காலையில் காடாற்று முடிந்திருந்தது. தம்பி ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பக்கத்து வீட்டு அத்தைதான் சொன்னார். நான் வருகிறேன் என்று எழுதிய கூப்பனை அம்மா தெருவில் எல்லோரிடமும் காட்டியிருந்தார். போகியன்று வீட்டை வெள்ளையடிக்கச் செய்து, எனக்குப் பிடித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை வாங்கி வைத்திருந்தார். பொங்கலன்று நான் வரவில்லை. காணும் பொங்கலன்றும் வரவில்லை. "வண்டி தாமதமாயிருக்கும். அவன் எழுதினால் வருவான்" என்றாராம். காய்ச்சல் வந்து படுத்த பிறகும் மாடப்பிறையில் விளக்கை வைக்கத் தம்பியை ஏவிக்கொண்டிருந்தாராம்.

தூணில் தொங்கிய கம்பியை எடுத்துப் பார்த்தேன். ஏழு ஆண்டுக் கூப்பன்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடைசிக் கூப்பன்.

அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நான் கோவிலுக்குப் போனதில்லை. ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் உள்ள மலை மந்திருக்கு டில்லித் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் படியேறிச் சென்ற காலத்தில், மனைவியையும் மகளையும் அடிவாரத்தில் விட்டுவிட்டு நான் கீழேயே நிற்பேன். கேட்டவர்களிடம், 'கண்ணால் காணாததை நான் நம்புவதில்லை' என்று பெருமையாகச் சொன்னேன். முருகன் என் ஒரே வேண்டுகோளை ஏற்கவில்லை என்பதுதான் உள்ளே இருந்த கோபம். அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்ததை நான் தோண்டிப் பார்க்கவில்லை.

இடையில், நம்மைப் போலவே வடக்கே வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வரலாற்றைப் படித்தேன். ரயில்வேக் கணக்குத் துறையில் பணியாற்றிய தந்தைக்கு 1910-ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருடைய தாயார் நோயுற்றிருந்தார். ஆயினும் மகனைப் போகச் சொன்னார். மறு ஆண்டே அந்த அம்மையார் காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

அந்தக் கப்பற்பயணத்தில்தான் அவர் ஒரு கணக்குப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் சுருங்கி வெண்குறு மீன்களாக அடங்கும் என்று அறிஞர்கள் கருதியிருந்தனர். ஓர் எல்லைக்கு மேற்பட்ட நிறையுடையவை அவ்வாறு அடங்க முடியாது என்று அவர் கணக்குக் காட்டியது. அவ்வெல்லை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பின்னர்த் தெளிவாயிற்று. 1935 ஜனவரி 11-ஆம் நாள், லண்டனில் நடந்த அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதை எடுத்துரைத்தார். அடுத்துப் பேசிய எடிங்டன் அதை எள்ளி நகையாடினார். எடிங்டன் சாதாரண மனிதர் அல்லர். தம் காலத்து வானியலாருள் தலைசிறந்தவர், சமயப்பற்றும் மிக்கவர். சந்திரசேகரோ தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர். காணாத ஒன்றைக் கணக்கை நம்பி ஏற்றவர் நாத்திகர். ஏற்க மறுத்தவர் ஆத்திகர்! 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த எல்லைக்கு அப்பால் என்ன நேர்கிறது என்ற கேள்வி கருந்துளை ஆராய்ச்சிக்கு வழிதிறந்தது. கருந்துளை ஒன்றின் நிழலை மனிதர் முதன்முதலில் படமாகக் கண்டது 2019 ஏப்ரலில். அவர் 1995-லேயே மறைந்துவிட்டார். அந்தப் படத்தைக் காணவில்லை.

அறிவியலாரின் நம்பிக்கையும் என் தாயாரின் நம்பிக்கையும் ஒன்றே என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவருடைய கணக்கை யாரும் போட்டுச் சரிபார்க்கலாம். தவறு என்றால் தள்ளிவிடலாம். அம்மாவிடம் கணக்கு ஏதும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு கூப்பன். அதில் மகன் எழுதிய ஒரு வரி. ஆனால் 'கண்ணால் காணாததை நம்புவதில்லை' என்ற என் பெருமை மட்டும் அன்றோடு உடைந்தது. அப்படி ஒரு மனிதனால் வாழவே முடியாது என்பது விளங்கிற்று. கணக்குப் போடுபவனும் ஏதோ ஒன்றை நம்பித்தான் கப்பலில் உட்கார்ந்திருக்கிறான்.

இவ்வளவும் மனத்தில் ஓட, மணி மூன்றாகிவிட்டது. நீலப் புள்ளி அங்கேயே இருந்தது. இப்போதெல்லாம் ஓட்டுநர் அறையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு, அடுத்த கைகாட்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. ஆயினும் கருவியைச் செய்தவர் யார், செப்பனிட்டவர் யார் என்று ஓட்டுநர் அறியார். அவர் நம்புகிறார். அவரை நம்பி என் மகள் உறங்குகிறாள். அவளை நம்பி அவள் மகன் உறங்குகிறான்.

அப்போதுதான் அந்த முதியவரின் சொல் நாற்பது ஆண்டு கழித்து என்னிடம் வந்து சேர்ந்தது. 'வெடி வைத்திருப்பேன் என்று நம்பி அவர் வருகிறார். நான் வைத்துவிட்டு நிற்கிறேன்.' காணாததில் வைக்கும் நம்பிக்கைக்கு இரண்டு முனைகள் உண்டு. நம்புகிறவன் ஒரு முனை. நம்பப்படுகிறவன் மற்றொரு முனை. நான் இத்தனை ஆண்டுகளாக முதல் முனையைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தேன். 'என் வேண்டுதல் என்ன ஆயிற்று?' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் தாயாருக்கு நானே காணாத பொருளாக இருந்தேன் என்பதை எண்ணவில்லை. அவருடைய நம்பிக்கை பொய்த்தது முருகனால் அன்று, பனியாலும் அன்று. தண்டவாளத்தில் வெடி வைக்கவேண்டியவன் அந்தப் பொங்கலன்று தன் இடத்தில் நிற்கவில்லை. அவ்வளவுதான் கதை.

இதை எண்ணியதும் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன். பிறகு எழுந்து சமையலறைக்குச் சென்று, கார்த்திகைக்கு வாங்கிய அகல்களில் ஒன்றைத் தேடி எடுத்தேன். எண்ணெய்ப் பாத்திரம் கையிலிருந்து நழுவி ஓசை எழுந்தது. மனைவி விழித்து வந்துவிட்டாள்.

"என்ன இது, இந்த நேரத்தில்?"

"வண்டி இன்னும் நிற்கிறது" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. திரியைக் கிள்ளி, எண்ணெய் ஊற்றி, தீக்குச்சியை மட்டும் என் கையில் கொடுத்தாள். சாளரத்தின் உட்புறத் திட்டில் விளக்கை வைத்தேன். அதன் ஒளி கண்ணாடியைத் தாண்டி நான்கு முழம்கூடப் போகவில்லை. பனி அதை அங்கேயே நிறுத்திவிட்டது. அம்மாவின் விளக்கு டில்லிக்குத் தெரியாது என்று சிரித்தவன், மதுராவுக்குத் தெரியாத ஒரு விளக்கின் முன்னே உட்கார்ந்திருந்தேன். 'உனக்குத் தெரியவேண்டாம்' என்று அவர் சொன்னதன் பொருள் விளங்கிற்று. வழி காட்டுவதற்காக ஏற்றிய விளக்கு அன்று அது. காத்திருப்பவர், தம் முனையில் தாம் விழித்திருப்பதற்காக ஏற்றிய விளக்கு.

நான்கு மணி சுமாருக்கு நீலப் புள்ளி அசைந்தது. விளக்கு ஏற்றியதால் வண்டி நகர்ந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், 1982-இல் ஏன் நகரவில்லை என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டி வரும். பனி சற்று விலகியிருக்கலாம். முன்னே நின்ற வண்டி புறப்பட்டிருக்கலாம். எங்கோ ஒரு மனிதர் தம் இடத்தில் நின்று தம் வேலையைச் செய்திருப்பார். அவருக்கு நன்றி சொல்ல முகவரி இல்லை. ஆகவே விளக்கைப் பார்த்துச் சொன்னேன். முருகன் கேட்டிருந்தால் கேட்டுக்கொள்ளட்டும்.

காலை எட்டு மணிக்கு மகள் வந்தாள். பேரன் தோளில் உறங்கிக்கொண்டிருந்தான். "இரவெல்லாம் விழித்திருந்தீர்களா அப்பா? நான்தான் வந்துவிடுவேனே" என்றாள்.

"தெரியும் அம்மா. நீ சொன்னால் வருவாய்" என்றேன். குரல் சற்றுத் தழுதழுத்ததை அவள் குளிர் என்று எண்ணிக்கொண்டாள்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அன்பர்களில் பலருக்கும் ஊரில் யாரேனும் இருப்பார்கள். இப்போது மணியார்டர் கூப்பன் இல்லை, தந்தி இல்லை. விரலால் தொட்டால் முகமே தெரிகிறது. ஆனாலும் 'அடுத்த மாதம் வருகிறேன்' என்று நாம் சொல்லும் வரி இன்றும் எங்கோ ஒரு கம்பியில் குத்தப்பட்டுத் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நம்பி ஒருவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார். கடவுளை நம்புவதா இல்லையா என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. நம்மைக் காணாமல் நம்புகிறவரைப் பொய்யாக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. விடுப்புக் கேளுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும்.